இரண்டரைக் கிலோ கமராப் பை: போர் நடந்த நிலத்தில் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

வடக்கு கிழக்கில் ஊர் ஊராகச் சென்று ஒளிப்படம் எடுக்க விரும்பும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கமரா வாங்கலாம் அண்ணா?" என்பதுதான். புலம்பெயர் நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களும் இதையே கேட்கிறார்கள். கையில் இருக்கும் கமராவே போதும் என்று சொல்லிவிட்டு, கமராவோடு பையில் வேறு என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் அதற்குப் பதில் வராது.

இந்தக் கட்டுரை அந்தப் பையைப் பற்றியது. சுற்றுலாவுக்குப் போகிறவருக்கு ஒரு சூரிய உதயம் தவறினால் மறுநாள் இன்னொன்று கிடைக்கும். நம்முடைய நிலத்தில் எடுக்கும் படங்கள் பலவற்றுக்கு மறுநாள் கிடையாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பாகக் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தப் பந்தலில் இருந்த தாய், தந்தையர் பலர் இன்று உயிருடன் இல்லை. அவர்களின் முகங்கள் படங்களில் மட்டுமே இருக்கின்றன. எனவே பையில் போகும் ஒவ்வொரு பொருளையும் நான் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன்: எடுத்த படம் தொலையாமல் இருக்க இது உதவுமா? உதவாத பொருள் எவ்வளவு அழகானதாக இருந்தாலும் வீட்டில் இருக்கட்டும்.

எடை ஏன் முக்கியம்

யாழ்ப்பாணத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். ஏ9 வீதியில் பரந்தன் வரை, அங்கிருந்து ஏ35 வீதியில் விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் பாலம் என்று நீளும் பயணம். பாதி வழி நின்றுகொண்டு போக நேரலாம். இறங்கிய பிறகு ஓட்டோவோ, யாராவது ஒருவரின் மோட்டார் சைக்கிளோ, இல்லாவிட்டால் நடையோதான். ஏழெட்டுக் கிலோ பையோடு இதைச் செய்தால் மத்தியானத்துக்குள் தோள் விட்டுவிடும். தோள் வலிக்கும்போது பையை எங்காவது வைக்கத் தோன்றும். பொருட்கள் தொலைவது அப்போதுதான்.

இன்னொன்றும் உண்டு. பெரிய பையும் நீண்ட லென்ஸும் பார்த்தவுடன் ஆட்கள் ஒதுங்குவார்கள். ஒரு வீட்டுக்குள் நீங்கள் நுழையும்போது அந்த வீட்டுக்காரருக்கு நீங்கள் விருந்தாளியாகத் தெரிய வேண்டும். கமரா நிறுவனத்தின் பெயர் பொறித்த பையைத் தவிர்த்து, சாதாரண பாடசாலைப் பை ஒன்றுக்குள் பஞ்சு வைத்த உள்ளறை ஒன்றைச் செருகிக்கொள்வது நல்லது. பஸ்ஸில் அதை மேல்தட்டில் வைக்காமல் மடியில் வைத்திருக்கலாம்.

லென்ஸ் எத்தனை?

ஒன்று போதும். இரண்டுக்கு மேல் வேண்டாம். கமராவோடு வரும் சிறிய ஸூம் லென்ஸ் வெளிப்புறக் காட்சிக்கும் மனிதருக்கும் சரியாக இருக்கும். இரண்டாவதாக ஒன்று வாங்கினால், துவாரம் அகன்ற 35 அல்லது 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றை வாங்குங்கள். தகரக் கூரை வீட்டுக்குள் ஒரு சின்ன மின்குமிழ் வெளிச்சத்தில், பிளாஷ் அடிக்காமல் முகத்தை எடுக்க அது உதவும். துயரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவரின் முகத்தில் பிளாஷ் அடிப்பது நாகரிகமும் இல்லை.

தூரத்தை நெருக்கும் லென்ஸ் இல்லாவிட்டால் எட்டத்தில் உள்ளதை எப்படி எடுப்பது என்று கேட்பீர்கள். நடந்து போங்கள், ஆனால் பாதையை விட்டு இறங்காதீர்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை நீண்ட காலம் நடந்த நிலம். மண்டையோட்டுப் பலகையோ குறிநாடாவோ உள்ள இடத்தில் நல்ல கோணம் தேடி ஓர் அடிகூட உள்ளே வைக்கக் கூடாது. எட்டாத படம் எட்டாததாகவே இருக்கட்டும்.

லென்ஸின் முன்னால் மாட்டும் வெயில்மறைப்பை எப்போதும் மாட்டி வையுங்கள். பக்கவாட்டு வெயிலையும் மழைத்துளியையும் இடிபடுவதையும் அது தடுக்கும். கிட்டத்தட்ட எடையே இல்லாத பொருள் அது.

மின்சாரம்

கமராவுக்குள் இருப்பதைத் தவிர இன்னும் இரண்டு பற்றரிகள் வேண்டும். 10,000 மில்லிஅம்பியர் மணி பவர் பாங்க் ஒன்றும் வேண்டும். கணக்கு எளிது. அந்தப் பவர் பாங்கில் இருப்பது 37 வாட் மணி. மாற்றத்தில் இழப்புப் போக 25 வாட் மணி அளவில் கைக்கு வரும். சிறிய கமராவின் பற்றரி 7 அல்லது 8 வாட் மணி கொண்டது என்பதால் மூன்று தடவை நிரப்பலாம். தொலைபேசிக்கும் பங்கு கொடுக்க வேண்டுமென்றால் இரண்டு தடவை. இப்போதைய கமராக்கள் பல யூஎஸ்பி-சி வழியாகவே மின்னேற்றிக்கொள்கின்றன. உங்கள் கமரா அப்படியானதா என்று பார்த்துக்கொண்டால் தனிச் சார்ஜரின் எடையும் மிச்சம்.

விமானத்தில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பவர் பாங்கையும் மேலதிகப் பற்றரிகளையும் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட் மணிக்குக் குறைந்தவற்றையே பொதுவாகத் தனி அனுமதியின்றி ஏற்றுக்கொள்வார்கள். 20,000 மில்லிஅம்பியர் மணி என்பது 74 வாட் மணி என்பதால் அதுவரை சிக்கல் இல்லை. இலங்கையின் பழைய வீடுகளில் உருண்டை முனைச் செருகிகளுக்கான துவாரமும், புதிய வீடுகளில் சதுர முனை 13 அம்பியர் துவாரமும் இருக்கும். இரண்டுக்கும் பொருந்தும் மாற்றி ஒன்று பையில் இருக்கட்டும்.

மெமரி காட்

128 ஜிகாபைற் காட் ஒன்றைவிட 64 ஜிகாபைற் காட் இரண்டு மேல். ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கும். மூலக் கோப்பாக எடுத்தால் 24 மெகாபிக்சல் படம் ஒன்று ஏறக்குறைய 25 முதல் 50 மெகாபைற் வரை வரும். அப்படிப் பார்த்தாலும் ஒரு 64 ஜிகாபைற் காட் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களைத் தாங்கும். காணொளியும் எடுப்பீர்கள் என்றால் காட்டின் மேல் வி30 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். செக்கனுக்குக் குறைந்தது 30 மெகாபைற் எழுதும் வேகத்தை அது குறிக்கிறது.

சந்தையில் போலிக் காட்கள் உண்டு. மேலே 128 என்று எழுதியிருக்கும். உள்ளே அதில் கால்வாசிகூட இருக்காது. வாங்கியவுடன் ஒரு தடவை வீட்டில் வைத்து முழுவதும் நிரப்பி, எல்லாக் கோப்புகளும் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே பயணத்துக்குக் கொண்டுபோங்கள்.

இரண்டு காட் வைத்திருக்கச் சொல்வதற்கு நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. எடுத்த படத்தை அழிக்கச் சொல்லிக் கேட்கப்பட்ட அனுபவம் இங்கு கமரா தூக்கிய பலருக்கு உண்டு. அந்த இடத்தில் வாக்குவாதத்தைவிட உங்கள் பாதுகாப்பும் உங்களோடு நிற்பவரின் பாதுகாப்பும் பெரிது. கமராவில் ஒரு படத்தை அழிக்கும்போது, அந்தப் படம் இருக்கும் இடத்தைக் காட்டும் பதிவுதான் பொதுவாக நீக்கப்படுகிறது. அதன் மேல் புதிய படம் எழுதப்படும் வரை மீட்பு மென்பொருள் மூலம் அதைத் திரும்பப் பெறும் வாய்ப்பு உண்டு. ஆகவே அந்தக் காட்டில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காமல் கழற்றி, பக்கத்திலுள்ள சிறு பூட்டை இழுத்து வைத்துவிட்டு, மற்றக் காட்டைப் போடுங்கள். கைதவறி அழித்துவிட்டாலும் செய்ய வேண்டியது இதுவே.

ஒரு பிரதி, பிரதியே அல்ல

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றில் சிலவற்றுக்கு வேறு எங்கும் பிரதி இருக்கவில்லை. போன நூல் போனதுதான். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவமாக்கி எல்லோருக்கும் திறந்து வைத்ததன் பெறுமதி அந்த இழப்பைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். ஒன்று ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அது பாதுகாப்பாக இல்லை என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

உலகெங்கும் ஒளிப்படக்காரர்கள் கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறோர் இடத்தில். இதற்குப் பையில் வேண்டியவை இரண்டே. ஒன்று, தொலைபேசியில் செருகக்கூடிய காட் ரீடர். மற்றது, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதான எஸ்எஸ்டி சேமிப்பகம். இரவு தங்கும் இடத்தில் அன்றைய படங்களை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். முக்கியமான இருபது முப்பது படங்களை அளவு குறைத்து, அலைவரிசை கிடைக்கும் இடத்திலிருந்து இணையச் சேமிப்பகத்துக்கு அனுப்புங்கள். காட்டை உடனே வெறுமையாக்க வேண்டாம். காட் சட்டைப்பையிலும் எஸ்எஸ்டி தோள்பையிலும் இருக்கட்டும். இரண்டையும் ஒரே பையில் வைத்தால் இரண்டு பிரதி எடுத்ததில் பயன் இல்லை.

தொலைபேசிக்கும் எஸ்எஸ்டிக்கும் கடவுச்சொல் போட்டு வையுங்கள். படத்தில் இருப்பவர்கள் உங்களை நம்பித்தான் முகம் காட்டினார்கள். தொலைபேசிப் படங்களுக்குள் எடுத்த இடத்தின் ஆள்கூறும் பதிவாகியிருக்கலாம். உங்கள் ஆவணத்துக்கு அது பயன்படும். பொதுவெளியில் பகிரும்போது நீக்கிவிடுங்கள்.

தூசு, உப்பு, மழை

வன்னியின் செம்மண் தூசு கமராவின் ஒவ்வொரு இடுக்கிலும் போய் உட்காரும். ரப்பர் ஊதுகுழல் ஒன்றும், மென்துணி இரண்டும் போதும். முதலில் ஊதுங்கள், பிறகே துடையுங்கள். மண்துகள் இருக்கும்போது துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படியும். தூசு பறக்கும் தெருவோரத்தில் லென்ஸைக் கழற்றி மாற்றாதீர்கள்.

முல்லைத்தீவுக் கரையிலும் தீவுப்பகுதியிலும் காற்றே உப்புக்காற்று. அன்றிரவே மென்துணியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கமராவின் வெளிப்புறத்தைத் துடைத்து, பிறகு உலர்துணியால் துடைத்துவிடுங்கள். லென்ஸைக் காக்கச் சாதாரணப் பாதுகாப்பு ஃபில்டர் ஒன்றை மாட்டலாம். இரவில் விளக்குகளை எதிர்த்து எடுக்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் விளக்கின் நிழலுரு படத்தில் மிதக்கும்.

வடகீழ்ப் பருவமழைக் காலத்துக்கு விலையுயர்ந்த மழையுறை தேவையில்லை. தடித்த பொலித்தீன் பை ஒன்று, ரப்பர் வளையம் இரண்டு போதும். பையின் அடியில் லென்ஸ் அளவுக்கு வெட்டி வளையத்தால் இறுக்கிவிடலாம். எஸ்எஸ்டி, காட், குறிப்புப் புத்தகம் ஆகியவை தனியாக ஒரு நீர்புகாப் பைக்குள் இருக்கட்டும். அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். புதிய சப்பாத்துப் பெட்டிகளில் வருவதே போதும். நனைந்த கமராவை அரிசிக்குள் புதைக்க வேண்டாம். அரிசித் தூள் உள்ளே போகும். குளிரூட்டிய வாகனத்திலிருந்து வெயிலுக்கு இறங்கும்போது கமராவை அரைமணி நேரமாவது மூடிய பைக்குள்ளேயே வையுங்கள். உடனே எடுத்தால் கண்ணாடியில் நீர் பூக்கும். ஈரத்தில் கிடக்கும் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு மீற்றர் கறுப்புத் துணி

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இதை அதிகம் பார்க்க முடியாது. என் பையில் நான் ஒருபோதும் விடாத பொருள் இது.

ஆழிப்பேரலையிலும், 2008, 2009 இடப்பெயர்வுகளிலும் குடும்ப அல்பங்கள் போய்விட்டன. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படம் என்று ஒரு தாய் எடுத்துக் காட்டுவது பல வீடுகளில் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து லமினேற் செய்த ஒற்றைத் தாளாக இருக்கும். வெயிலிலும் மழையிலும் பிடித்து நின்று அதுவும் மங்கிக்கொண்டு வருகிறது. உங்களால் அந்த வீட்டுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, அந்தப் படத்தைச் சரியாகப் படம் எடுத்து வைப்பது.

லமினேற் தாளிலும் சட்டக் கண்ணாடியிலும் வெளிச்சம் பளிச்சிடும். போலரைசர் ஃபில்டர் இதைச் சரிசெய்யும் என்று நினைப்பார்கள். சாய்வாகப் பார்க்கும்போது அது உதவும். நந்திக்கடல் நீரின் பளபளப்பைக் குறைக்க நல்லது. நேர் எதிரே நின்று எடுக்கும்போது அதனால் பெரிதாகப் பயன் இல்லை. செய்ய வேண்டியது இது. மின்குமிழையும் பிளாஷையும் அணையுங்கள். படத்தை யன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். கறுப்புத் துணியின் நடுவில் லென்ஸுக்கு ஒரு துவாரம் வெட்டி, கமராவுக்கு முன்னால் திரைபோலப் பிடியுங்கள். உங்கள் சட்டையும் கமராவும் கண்ணாடியில் தெரியாது. கமரா படத்துக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். சரிந்தால் முகம் கோணும். தொலைபேசியால் எடுப்பவர்களுக்கும் இதே முறைதான்.

படத்தின் பின்புறத்தையும் எடுங்கள். பெயர், திகதி, ஸ்ரூடியோவின் முத்திரை என்று ஏதாவது இருக்கும். பழைய படம் சட்டக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்க முயல வேண்டாம். முகம் கண்ணாடியோடு வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூலப் படத்தை "கொண்டுபோய் ஸ்கான் செய்து தருகிறேன்" என்று வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அந்த வீட்டில் எஞ்சியிருப்பது அது மட்டுமாக இருக்கலாம். அவர் கண்முன்னே, அவருடைய வீட்டிலேயே எடுத்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

முக்காலியும் ட்ரோனும்

பெரிய முக்காலி வேண்டாம். கால் மீற்றருக்கும் குறைவான மேசை முக்காலி ஒன்று, மதில் மேலும் வேலிக்கட்டை மேலும் நிற்கும். இன்னும் எளிய வழி, பொத்தான் வைத்த சிறு துணிப்பை ஒன்று. போகும்போது வெறுமையாக மடித்து வைத்து, போன இடத்தில் கடையில் அரைக் கிலோ பயறு வாங்கி நிரப்பினால் கமராவுக்கு நல்ல தலையணை. திரும்பும்போது பயற்றை யாராவது ஒரு வீட்டில் கொடுத்துவிடலாம்.

ட்ரோனை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. இலங்கையில் அது சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் பதிவுக்கும் அனுமதிக்கும் உட்பட்டது. அதோடு, போரின்போது வானத்தில் கேட்ட இரைச்சலை நினைவில் வைத்திருக்கும் ஊருக்கு மேலே அதைப் பறக்கவிடும்முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

குறிப்புப் புத்தகம்

பெயரில்லாத படம் பத்து வருடத்தில் யாருடையதும் இல்லாத படமாகிவிடும். சிறிய கொப்பி ஒன்றும் பேனா இரண்டும் வையுங்கள். படத்தின் இலக்கம், ஊர், திகதி, படத்தில் இருப்பவர் தன்னை எப்படிக் குறிப்பிடச் சொன்னார், எங்கே பயன்படுத்தலாம் என்று அனுமதித்தார் என்ற ஐந்தையும் அங்கேயே எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் கொப்பியிலும் எழுத வேண்டாம்.

கமராவின் கடிகாரமும் குறிப்பின் ஒரு பகுதிதான். லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வருகிறவர்களின் கமரா அந்த ஊர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். இலங்கை நேரம் கிறீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். நேரம் பிழையான படத்தைப் பின்னொரு நாள் ஆதாரமாகக் காட்டப் போனால் முதற்கேள்வி அங்கேதான் எழும்.

எடைக் கணக்கு

லென்ஸோடு சிறிய கமரா 700 கிராம். இரண்டாவது லென்ஸ் 200. மேலதிகப் பற்றரி இரண்டும் 100. பவர் பாங்க் 200. காட்களும் ரீடரும் 60. எஸ்எஸ்டி 50. ஊதுகுழலும் துணிகளும் 80. கறுப்புத் துணி 150. நீர்புகாப் பையும் பொலித்தீனும் 70. கொப்பி 100. மேசை முக்காலி 200. பை 600. எல்லாம் சேர்ந்து இரண்டரைக் கிலோ வரும். பொருளுக்குப் பொருள் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். தண்ணீர்ப் போத்தலுக்கும் தோளில் இடம் இருக்கும்.

தொலைபேசி மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தப் பட்டியல் இன்னும் சுருங்கும்: பவர் பாங்க், சிறிய எஸ்எஸ்டி, மென்துணி, கறுப்புத் துணி, நீர்புகாப் பை, கொப்பி. ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். கையில் இருக்கும் தொலைபேசியால் எடுத்து ஒழுங்காகப் பிரதி வைத்த படம், விலையுயர்ந்த கமராவால் எடுத்துத் தொலைத்த படத்தைவிட ஆயிரம் மடங்கு பயன் தரும்.

புறப்படும் முன்னும் திரும்பிய பின்னும்

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு பற்றரிகள் நிரம்பியிருக்கின்றனவா, காட்கள் இரண்டும் வெறுமையா, முன்னர் எடுத்தவற்றுக்குப் பிரதி இருக்கிறதா, கடிகாரம் சரியா என்று பாருங்கள். மூன்று பயணங்களில் ஒரு தடவைகூடத் தொடாத பொருளைப் பையிலிருந்து எடுத்துவிடலாம். எஸ்எஸ்டியையும் மழைப் பொலித்தீனையும் மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

திரும்பிய பின் ஒரு வேலை இருக்கிறது. நகரத்து ஸ்ரூடியோ ஒன்றில் 4க்கு 6 அங்குல அளவில் படங்களை அச்சிட்டு, கடித உறையில் போட்டு, அடுத்த பயணத்தில் அந்தந்த வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். "போனமுறை வந்த பிள்ளை படம் எடுத்தது, ஒன்றையும் காணவில்லை" என்ற மனக்குறை பல ஊர்களில் இருக்கிறது. அல்பம் இழந்த வீட்டுக்கு அச்சிட்ட படம் ஒன்று போய்ச் சேர்வது அந்த வீட்டின் புதிய அல்பத்துக்கு முதற்பக்கம். பத்து உறைகள் சேர்ந்தாலும் நூறு இருநூறு கிராமுக்கு மேல் வராது. அதற்குப் பையில் எப்போதும் இடம் வையுங்கள்.